உப்புத் தண்ணீர் திரும்பும் மாதம்

எங்கள் வீட்டில் எட்டு மாதமாக யாரும் வாய்விட்டு அழவில்லை. அழ விடாதவள் நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. "அழுதுடும்மா, மனசு லேசாயிடும்" என்று வாசலில் வந்து நின்று புத்தி சொன்ன ஒவ்வொருத்தரையும் வாய்க்கு வந்தபடி திட்டித்தான் திருப்பி அனுப்பினேன். லேசாகி என்ன செய்வது, காற்றில் பறக்கவா?

நான் கடற்கரைக்காரி இல்லை. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற வீட்டுப் பெண். சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே தன் அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கக் கூட்டி வந்த மீனவர்தான் கதிரவன். நான் ஊசியை எடுத்ததும் அவர் அம்மா சும்மா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நின்ற இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"கடல்ல போறவரு, இதுக்குப் போயி கண்ண மூடுறீங்களே" என்றேன்.

"கடல்ல யாரும் ஊசிய வச்சிக்கிட்டு நிக்க மாட்டாங்க மேடம்" என்றார்.

அவ்வளவுதான், கவிழ்ந்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு என் அப்பா ஒரு வருஷம் பேசவில்லை. பிறகு பொங்கலுக்கு ஒரு கட்டுக் கரும்பு அனுப்பினார், கூடவே யாரும் வரவில்லை.

கதிரவனின் ஊர் பிச்சாவரத்துக்குக் கிழக்கே, சுரபுன்னைக் காடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இருக்கிற குப்பம். வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், அவர், அவர் அம்மா முத்தம்மாள் அத்தை, அவர் தங்கச்சி அறிவுமதி. மாமனார் எப்போதோ மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அறிவுமதி கடலைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள், பரங்கிப்பேட்டையில் லேப். அத்தைக்கு ஒப்பாரியில் பெரிய பெயர் உண்டு. சுற்றுப்பட்டுக் குப்பங்களில் எங்கே சாவு விழுந்தாலும் முதலில் ஆள் அனுப்புவது அத்தைக்குத்தான். அவர் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து முதல் வரியை எடுத்தால்தான் மற்ற பெண்களுக்கு ஒப்பாரி வரும். கல்யாணமான புதிதில் நான் இதைக் கேலி செய்திருக்கிறேன். "நம்ம வூட்டுல யாராச்சும் செத்தா ஃப்ரீயா பாடுவீங்களா அத்த?" என்பேன். "உனக்கு நல்லாப் பாடுறேன்டி, வாய்க்கொழுப்புன்னு ஒரு தனிப் பாட்டே வச்சிருக்கேன்" என்பார்.

அறிவுமதியின் படிப்புக்கு மாசாமாசம் கடல் தண்ணீர் வேண்டும். கரையோரத் தண்ணீர் இல்லை, ஆழத்துத் தண்ணீர். அதற்கு யாரை அனுப்புவாள், அண்ணன்தான். கயிற்றில் ஒரு புட்டியைக் கட்டி, இருபுறமும் மூடியைத் திறந்துவிட்டு இறக்குவார்களாம். வேண்டிய ஆழம் வந்ததும் மேலிருந்து ஒரு இரும்புக் குண்டைக் கயிற்றோடு விட்டால், அது போய்த் தட்டி மூடியைச் சாத்திவிடுமாம். இவருக்கு இந்த விளையாட்டில் ஒரே சந்தோஷம். மீன் பிடிக்கப் போன நாளைவிட, தண்ணீர் பிடித்து வந்த நாளில்தான் வாயெல்லாம் பல்லாக இருக்கும்.

"அப்பிடி என்னாதான் இருக்கு அந்தத் தண்ணியில?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு கடலும் சம்பந்தி வூடு மாதிரி அண்ணி" என்றாள் அறிவு. "நம்ம பக்கத்துலேருந்து அரபிக்கடலுக்கு ஒரு சீரு போவும், அங்கேருந்து இங்க ஒரு சீரு வரும். சூடு, உப்பு ரெண்டும் கைமாறும். அந்தக் கொடுக்கல் வாங்கல் நின்னு போச்சுன்னா நீவாடே மாறிப்போயிரும். மழை மாறிரும்."

நீவாடு என்றால் கடலின் ஓட்டம். அது எனக்கு அப்போதே தெரியும்.

"எம் மாமனாரு வூட்டுலேருந்துதான் ஒரு சீரும் வர்ல" என்றார் கதிரவன். நான் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

போன கார்த்திகையில் ஒரு புயல் சின்னம் வந்து, கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு இருந்தது. அது வலுவிழந்து கரையைக் கடந்தது. அறிவிப்பையும் எடுத்துவிட்டார்கள். "இந்த மாசம் வேணாம்ண்ணா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று அறிவு சொன்னாள். என் எதிரில்தான் சொன்னாள். "வருசம் பூரா எடுத்துட்டு ஒரு மாசம் ஓட்ட வுட்டா, அது ஒரு படிப்பா?" என்று இவர் புட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கூட்டாளி பக்கிரியும் போனார். தண்ணீரை எடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது, முகத்துவாரத்தில் குறுக்கே ஒரு அலை எழுந்து ஃபைபர் போட்டைக் கவிழ்த்துவிட்டது. பக்கிரி டீசல் கேனைக் கட்டிக்கொண்டு கரையேறினார். இவர் ஏறவில்லை.

ஊரே போய்த் தேடியது. கடலோரக் காவல் படகு வந்தது, ஹெலிகாப்டர் வந்தது. போட் கிடைத்தது, வலை கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

எங்கள் குப்பத்தில் ஒரு கட்டு உண்டு. உடம்பு கிடைக்காத வீட்டில், பெண்டாட்டி சரியென்று சொல்லாமல் யாரும் ஒப்பாரி எடுக்கக்கூடாது. எடுத்தால், கடலில் எங்கேயோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பவனைக் கரையிலிருக்கிற நாமே போய்வா என்று அனுப்பிவைத்த மாதிரி. அவள் சொல்கிறவரை தாலி கழுத்தில் இருக்கும், பொட்டு நெற்றியில் இருக்கும், பெற்ற தாயே ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். பெரியவர்கள் வந்து என் முகத்தைப் பார்த்தார்கள். "என் புருஷன் சாவல. எந்திரிச்சுப் போங்க" என்றேன்.

அறிவுமதியையும் விட்டேனா? "உன் புட்டித் தண்ணிக்காகத்தான்டி போனாரு. படி, நல்லாப் படி, டாக்டர் பட்டம் வாங்கி அண்ணன் படத்துக்கு மாட்டு" என்று கத்தினேன். நான் சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். தண்ணீர்கூட இறங்கவில்லை. அத்தை கஞ்சித் தம்ளரோடு வந்து நிற்பதும் போவதுமாக இருந்தார்.

அப்படிக் கிடந்த ஒரு மத்தியானம், "நீவாடு பத்தித்தான உன் படிப்பு? எங்க கொண்டு போச்சு அவுர? சொல்லு" என்று அறிவைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். கஞ்சித் தம்ளர் வைத்திருந்த ஈரத்தைத் தொட்டு, சிமெண்ட் தரையில் இந்தியாவை வரைந்தாள். கீழே இலங்கைக்கு ஒரு பொட்டு.

"நம்ம கடல்ல ஆறு ஜாஸ்தி அண்ணி. கங்கை, ஐராவதி, கோதாவரி, நம்ம கொள்ளிடம் எல்லாம் இங்கதான் கொட்டுது. அதனால நம்ம மேல்தண்ணியில உப்பு கம்மி. அரபிக்கடல்ல ஆறு கம்மி, வெயில்ல ஆவியாப் போறது ஜாஸ்தி. அங்க உப்பு ஜாஸ்தி. ஐப்பசி கார்த்திகையில நம்ம கரைய ஒட்டி நீவாடு தெக்கால ஓடும். எலங்கையச் சுத்திக்கிட்டு, தை மாசத்துல கேரளாவுக்கு அந்தாண்ட, லட்சத்தீவு வரைக்கும் போயிரும். அங்க போயி அந்தக் கடல் மேல போர்வ மாதிரி படுத்துக்கும். அடித்தண்ணி மேல வர வுடாது. வெயிலோட சூடெல்லாம் மேலயே தங்கிரும்."

"அப்புறம்?"

"ஆனி ஆடியில காத்து திரும்பும். அப்ப அரபிக்கடலோட உப்புத் தண்ணி எலங்கைக்குத் தெக்கால வந்து, வடக்கால திரும்பி நம்ம கடலுக்குள்ள வரும்."

"திரும்பி வருமா?"

அவள் என்னையே பார்த்தாள். "வரும் அண்ணி. வருசா வருசம் வரும்."

நான் எழுந்தேன். முகம் கழுவினேன். அடுப்படிக்குப் போய் நானே ஒரு தட்டுச் சோறு போட்டு, குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். அத்தை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நான் சாப்பிடுவதையே பார்த்தார்.

மறுவாரமே வேலைக்குப் போனேன். ரத்தத்தில் உப்பு எவ்வளவு என்று பார்த்து எழுதிக் கொடுப்பதும் என் வேலையில் ஒன்று. கையில் அது ஓட ஓட, மனசு இலங்கையைச் சுற்றிக்கொண்டிருக்கும். இவர் படத்தைக் காங்கேசன்துறைக்கு அனுப்பினேன், கொச்சிக்கு அனுப்பினேன், லட்சத்தீவில் மீன் பிடிக்கிறவர்கள் வாட்ஸ்அப் குழுவை எப்படியோ பிடித்து அதிலும் போட்டேன். காற்றில் திசை மாறிப் போய் எந்த நாட்டு ஜெயிலிலோ கிடந்து, வருஷம் கழித்து வந்தவர்கள் இல்லையா? தை மாதத்தில் ஒரு லட்சத்தீவுக்காரர் குரல் செய்தி அனுப்பினார். "சேச்சி, இவிடெ வந்நிட்டில்ல" என்றார். அங்கே வரவில்லை என்று மலையாளம் தெரியாத எனக்கே புரிந்தது. போகட்டும், ஆடியில் தண்ணீர் திரும்பும். உயிரோ உடம்போ, ஏதோ ஒன்றைக் கொண்டுவரும். உடம்பென்றாலும் பரவாயில்லை என்கிற இடத்துக்கு நான் எந்த மாதம் வந்தேன் என்று எனக்கே தெரியாது.

மாசியில் தெற்குத் தெருப் பட்டம்மாள் செத்துப்போனார். அத்தையின் சிநேகிதி. ஆள் வந்து கூப்பிட்டதும், "தொண்ட கட்டிக்கிட்டு இருக்கு, வேற யாரையாச்சும் எடுக்கச் சொல்லு" என்று அத்தை உள்ளே போய்விட்டார். சித்திரையில் ஒரு சாவு, வைகாசியில் ஒரு சாவு. எதற்கும் அவர் போகவில்லை. வயசாகிவிட்டது, முடியவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கடலில் இறங்கின. ஆனி முடியப் போகிற சமயம் பக்கிரி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தங்கச்சி, ஆடி அமாவாச வருது. ஊரே கடல்ல எள்ளும் தண்ணியும் எறைக்கும். அன்னிக்கே கதிருக்கும் செஞ்சு முடிச்சிரலாம். அம்மா மூஞ்சியப் பாக்க முடியல."

எனக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ. "நீ கேனப் புடிச்சிக்கிட்டுக் கரையேறிட்ட. அவுரு வந்துட்டா உம் மொகத்த எங்க கொண்டுபோயி வச்சிக்குவ? அதான் அவசரப்படுற" என்றேன்.

பக்கிரிக்கு உதடு கோணியது. பெரிய ஆம்பிளை, முண்டாசை அவிழ்த்து வாயில் அடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அத்தை புடவைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார்.

ஆடி பிறந்து சில நாள் இருக்கும். லேபில் தலைவலி தாங்காமல் மத்தியானமே லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். தெருவில் திரும்பும்போதே எங்கள் வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. வாசலில் செருப்பை விட்டேன், ஓடியது. கூடத்துக்கு வந்தேன், ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு நேரம் என்ன அரைக்கிறார், மோட்டார் புகைந்துவிடுமே என்று நினைத்தபடி அடுப்படியை எட்டிப் பார்த்தேன்.

ஜாரில் ஒன்றுமில்லை. வெறும் ஜார் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தை மிக்ஸி மேடையில் நெற்றியை வைத்து, இரண்டு கையாலும் மார்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்திருந்தார். மிக்ஸி போடுகிற கூச்சலில் அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

மிக்ஸி நின்றுவிட்டது. அத்தையால் உடனே நிறுத்த முடியவில்லை. "எஞ் சாமீ" என்று ஒரு குரல், அடிவயிற்றிலிருந்து வந்தது, வீடு முழுக்க நின்றது. அடுத்த நொடி அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். என்னைப் பார்த்துவிட்டார்.

"சட்னிக்கு..." என்றார். "சட்னிக்குத்தான்மா, தேங்கா இருக்கான்னு..."

ஐயோ, நான் என்ன பிறவி. ஊருக்கெல்லாம் அழுது கொடுத்த வாய், பெற்ற பிள்ளைக்கு அழ மிக்ஸியைப் போட்டுக்கொண்டு நின்றது. எட்டு மாதமாக எங்கள் வீட்டில் சட்னி எத்தனை தடவை அரைத்தோம் என்று எனக்குத் தெரியும். மிக்ஸி எத்தனை தடவை ஓடியது என்றும் தெரியும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, பரங்கிப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

அறிவுமதி லேபில் தனியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆடி பொறந்துருச்சு. தண்ணி வந்துச்சா?" என்றேன்.

"உக்காருங்க அண்ணி."

"வந்துச்சா, வர்லியா?"

"வந்துருச்சு. போன வாரம் ஆராய்ச்சிக் கப்பல்ல போயி எறக்கிப் பாத்தோம்."

"எங்க?"

அவள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். மேலிருந்து கீழே ஒரு கோடு. கோடு பார்க்கிறது எனக்குப் புதிதில்லை, தினமும் பார்க்கிறேன். பாதி வரை நேராக இறங்கி, பிறகு உப்பு கூடுகிற பக்கமாகச் சட்டென்று வளைந்தது.

"இது கடலோட மேல்மட்டம். கோடு எறங்க எறங்க ஆழம். உப்பு இங்கதான் ஏறுது பாருங்க. கீழ."

"அப்ப மேல?"

"மேல நம்ம தண்ணிதான் கெடக்கு. உப்புத் தண்ணி கனம் அண்ணி. நம்ம தண்ணி லேசு. அங்கேருந்து வர்றது நம்ம தண்ணிக்கு அடியில பூந்துரும். அடியிலயே போயி, கொஞ்சங் கொஞ்சமா கலந்து, கரைஞ்சு போயிரும். அப்பிடித்தான் அது திரும்பி வருது."

"மெதக்குறது எதையும் தூக்கிக்கிட்டு வராதா?"

"வராது அண்ணி."

மேசையில் இரண்டு புட்டிகள் இருந்தன, ஒன்றில் மேல்தண்ணீர், ஒன்றில் அடித்தண்ணீர். நான் கேட்காமலே இரண்டிலும் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். இரண்டும் ஒரே கரிப்புதான். என் நாக்குக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

ஆமென்று தலையை ஆட்டினாள்.

"பாதியச் சொல்லிட்டுப் பாதிய ஏன்டி முழுங்குன? எட்டு மாசம்டி! உங்கம்மா அங்க..." அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

அவள் நகரவில்லை. "நீங்க சாப்ட்டீங்க அண்ணி" என்றாள். "தண்ணி திரும்பி வரும்னு சொன்னதும் எந்திரிச்சுப் போயி சாப்ட்டீங்க. அண்ணந்தான் போயிட்டான், நீங்களும் போயிருவீங்களோன்னு இருந்துச்சு. அதுக்குமேல எனக்குச் சொல்ல வாய் வர்ல." பிறகு ரொம்ப மெல்ல, "நாளாவ நாளாவ நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். அடியில பூந்துரும்னு எழுதுறவளே நாந்தான். இருந்தும் நம்புனேன்" என்றாள்.

ஓங்கின கை அவள் தலையில்தான் இறங்கியது, ஆனால் அடியாக இல்லை. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அண்ணன் போன நாளிலிருந்து இந்தப் பெண்ணை ஒருத்தரும் ஆதரவாகத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அத்தை தோட்டத்துக் கதவருகே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திட்டு வாங்கப் போகிற குழந்தை மாதிரி எழப் பார்த்தார். நான் போய் எதிரில் உட்கார்ந்து முறத்தைத் தள்ளி வைத்தேன்.

"அத்த, தண்ணி வந்துருச்சாம். அவுரக் கொண்டாரலையாம்."

அவர் அறிவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அழுங்க அத்த" என்றேன். "நாஞ் சொல்றேன். எடுங்க."

அத்தை கொண்டையை அவிழ்த்தார். முடி தோளில் விழுந்தது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. எட்டு மாதம் அடைத்து வைத்த தொண்டை. நான் அவர் முதுகைத் தடவினேன். மகனே என்றுதான் எடுப்பார் என்று காத்திருந்தேன். அவர் என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, என் நெற்றியோடு நெற்றியை முட்டிக்கொண்டு எடுத்தார்.

"நெல்லு வெளையும் ஊருலேருந்து
நீர நம்பி வந்த மவளே...
நட்டநடுக் கரையில உன்ன
நிக்க வச்சுப் போயிட்டானே..."

அவர் எனக்காகத்தான் அழுதார். பிள்ளையைப் பறிகொடுத்தவர் முதல் வரியை என் பெயரில் எடுத்தார். எட்டு மாதமாக அந்த வெறும் ஜாருக்குள் போட்டு அரைத்ததும் என்னைப் பற்றிய பாட்டுத்தானோ என்னவோ, நான் எந்நாளும் அவரிடம் கேட்கப் போவதில்லை.

தெருவில் கதவுகள் திறந்தன. யாரும் போய்ச் சொல்லவில்லை. பெண்கள் முடியை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்தார்கள். அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டு வந்தவர்கள், குளித்த ஈரத்தோடு வந்தவர்கள். வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்து தோள்மேல் கை போட்டார்கள். தெருவே எங்களுக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. வாசலுக்கு வெளியே பக்கிரி மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"எங் கதிரு செத்துட்டாரு அத்த" என்றேன். அதை என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.